இக்காலுயிட் – நூக்: 825 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வடக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவில் வசிப்பவன். மின்கம்பி வேலை ஒப்பந்தம் ஒன்றுக்காக வரும் கோடை முழுவதும் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் தங்கவிருக்கிறேன். வேலை முடிந்ததும், டேவிஸ் நீரிணையின் அக்கரையில் இருக்கும் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கை ஒருமுறை பார்த்துவிட்டு வீடு திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

அதற்காகத் தூரத்தையும் நேரத்தையும் தேடியபோது குழப்பமே மிஞ்சியது. ஒரு தளம் 822 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 826 என்கிறது. பறக்கும் நேரம் 1 மணி 32 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் பயணச்சீட்டு விற்கும் தளத்தில் நான் விரும்பிய தேதியைக் கொடுத்தால், தெற்கே ஒட்டாவாவுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து, ஐஸ்லாந்து போய், அங்கிருந்து மீண்டும் மேற்கே நூக்குக்கு வரும் வழியைக் காட்டுகிறது. இடையில் இரண்டு இரவுகள் விமான நிலையத்திலோ விடுதியிலோ கழிய வேண்டும். போதாக்குறைக்கு, இணைய வரைபடத்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே கோடு இழுத்தால், ரொறன்ரோவிலிருந்து ஹலிஃபக்ஸ் வரையுள்ள கோட்டைவிடச் சற்று நீளமாகவே தெரிகிறது. ஹலிஃபக்ஸ் இங்கிருந்து ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர். அப்படியானால் 822 எப்படிச் சரியாகும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோளக்கணக்கு எழுதியது:

வரைபடத்தை நம்ப வேண்டாம் நண்பரே, எண்ணை நம்பலாம். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்காட்டர் முறையில் வரையப்பட்டவை; அம்முறையில் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் இழுத்து நீட்டப்படும். இக்காலுயிட்டும் நூக்கும் ஏறத்தாழ 64 பாகை வட அட்சத்தில் இருக்கின்றன, அங்கே நீட்டல் நிலநடுக்கோட்டைப் போல் 2.28 மடங்கு. ரொறன்ரோ இருக்கும் அட்சத்தில் அது 1.4 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நீளக் கோடாகத் தெரிவது ஒரே தூரம் ஆகாது என்பதற்கு உங்கள் ஹலிஃபக்ஸ் ஒப்பீடே நல்ல சான்று.

காகிதமும் பேனாவும் போதும், நீங்களே சரிபார்க்கலாம். இக்காலுயிட் விமான நிலையம் மேற்குத் தீர்க்கம் 68.56 பாகையிலும், நூக் விமான நிலையம் 51.68 பாகையிலும் உள்ளன, இடைவெளி 16.88 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கம் 111 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 64ஆம் அட்சத்தில் அதை 64 பாகையின் கோசைனால், அதாவது 0.438ஆல் பெருக்க வேண்டும், 49 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 16.88ஐ 49ஆல் பெருக்கினால் 827. விடை கைக்கு எட்டிவிட்டது.

822க்கும் 826க்கும் உள்ள வேறுபாடு தவறு அல்ல. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சீரான உருண்டையாகக் கொண்டு பெருவட்ட வழியை, அதாவது உருண்டையின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய வழியை, கணித்தால் 822க்கும் 823க்கும் இடையில் வரும். துருவங்களில் சப்பையான அதன் உண்மை வடிவத்தைக் கணக்கில் கொண்டால் 825, 826 என வரும். பிந்தையதே மெய்க்கு நெருக்கம். விமானிகள் பேசும் கடல்மைலில் இது ஏறத்தாழ 446.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு ஆசிரியனாக இருந்தவனுக்கு இதில் ஒரு மகிழ்ச்சி. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சத்தில் இருப்பதால் விமானம் நேர் கிழக்கே பறக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். பெருவட்ட வழியில் அது மெய் வடக்கிலிருந்து 79 பாகைத் திசையில், அதாவது சற்று வடகிழக்காகக் கிளம்பி, நூக்கை அடையும்போது 94 பாகைக்குத் திரும்பியிருக்கும். விமானி திருப்பியதாக உணராமலே 15 பாகை திரும்பிவிடுகிறது. ஆனால் இவ்வளவு வளைந்தும், ஒரே திசைமுனையை விடாமல் பிடித்துப் பறக்கும் வழியோடு ஒப்பிட்டால் மிச்சமாவது இரண்டரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பெருவட்டத்தின் இலாபம் கண்டம் தாண்டும் பயணங்களில்தான் தெரியும்.

ஓடுபாதை எழுதியது:

தூரத்தை ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

1 மணி 32 நிமிடம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். 826ஐ 800ஆல் வகுத்தால் 62 நிமிடம். ஏறி இறங்குவதற்கென்று அரை மணி கூட்டினால் சரியாக 1 மணி 32 நிமிடம். அதாவது மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானத்தை மனத்தில் வைத்து எந்திரம் போட்ட கணக்கு அது. இந்த வழித்தடத்தில் ஓடியது ஜெட் அன்று. ஏர் கிரீன்லாந்து 2012 முதல் 2014 வரையிலான கோடைக் காலங்களிலும், பிறகு 2024 கோடையில் வாரம் ஒருமுறையும் நூக்குக்கும் இக்காலுயிட்டுக்கும் இடையே பறந்தது, 37 பேர் அமரக்கூடிய டாஷ் 8-200 என்ற சுழல்விசிறி விமானத்தில். அதன் பயண வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது.

காற்று இல்லாத நாளில் 826 கிலோமீட்டருக்கு 1 மணி 39 நிமிடம். ஆனால் அந்த உயரங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். மணிக்கு 80 கிலோமீட்டர் மேல்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நூக்கை நோக்கிப் போகையில் அது பின்னாலிருந்து தள்ள, தரைவேகம் 580 ஆகி 1 மணி 25 நிமிடத்தில் கடந்துவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அறைய, தரைவேகம் 420 ஆகி 1 மணி 58 நிமிடம் பிடிக்கும். போக மிச்சப்பட்ட நேரத்தைவிட வர இழந்த நேரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். காற்றில்லாமல் போய்வர 3 மணி 18 நிமிடம், காற்றோடு போய்வர 3 மணி 23 நிமிடம். இதன் மேல் தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்கும் வரிசை எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது நிமிடம். ஆகவே அட்டவணையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

இக்காலுயிட்டில் ஏறத்தாழ 2,600 மீட்டர் நீள ஓடுபாதை இருக்கும்போது ஏன் சிறிய விமானம் என்று கேட்பீர்கள். அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் போட்ட தளத்தின் வழிவந்தது. 2006இல் ஏர்பஸ் தன் மாபெரும் இரட்டைத் தட்டுப் பயணிகள் விமானமான ஏ380ஐக் கடுங்குளிரில் சோதிக்க அங்கேதான் கொண்டுவந்தது. தடை அக்கரையில் இருந்தது. நூக்கின் பழைய ஓடுபாதை ஆயிரம் மீட்டர்கூட இல்லை. டாஷ் 8 போன்றவைதான் அதில் இறங்க முடியும். பெரிய விமானத்தில் வருபவர்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ள காங்கெர்லுசுவாக்கில் இறங்கி, சிறிய விமானம் மாறி நூக் வரவேண்டியிருந்தது. 28 நவம்பர் 2024 அன்று நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறக்கப்பட்ட பிறகுதான் கோப்பன்ஹேகனிலிருந்து ஏ330 என்ற பெரிய ஜெட் விமானம் நேராக அங்கே இறங்கத் தொடங்கியது.

தெற்குமாடம் எழுதியது:

ஓடுபாதை நீளமாகிவிட்டது, தூரமோ 825 கிலோமீட்டர்தான். பிறகு ஏன் தினம் ஒரு விமானம் விடக் கூடாது? வணிகப் புத்தி இல்லாதவர்களா?

ஓடுபாதை எழுதியது:

யாரை ஏற்றிச் செல்வது என்பதுதான் கேள்வி. இக்காலுயிட்டின் மக்கள்தொகை எட்டாயிரத்தை எட்டாது, நூக்கினது ஏறத்தாழ இருபதாயிரம். இக்காலுயிட்டின் சரக்கு, நோயாளிகள், மாணவர்கள், அரசு அலுவலர்கள் எல்லாரும் ஒட்டாவா பக்கம் போகிறார்கள். நூக்கின் சரக்கும் மாணவர்களும் டென்மார்க் பக்கம் போகிறார்கள். இரண்டு ஊர்களிலும் இனுயிட் மக்களே பெரும்பான்மை, மொழிகளும் உறவுமொழிகள். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் ஆட்சி ஒருபுறம் வடக்குத் தெற்காகவும் மறுபுறம் கிழக்கு மேற்காகவும் இழுத்ததால், விமான வழித்தடமும் அப்படியே அமைந்துவிட்டது. கலைவிழாவுக்கும் மாநாட்டுக்கும் உறவினரைப் பார்க்கவும் போகிறவர்களை வைத்துக் கோடையில் வாரம் ஒருமுறை 37 இருக்கைகளை நிரப்பலாம்; தினமும் நிரப்ப முடியாது.

வடக்குவாசல் எழுதியது:

மிக்க நன்றி. ஆக, நேர்விமானம் பறக்கும் கிழமையில் போனால் இரண்டு மணி நேரம், இல்லாவிட்டால் இரண்டு நாள் என்று எடுத்துக்கொள்ளலாமா? சுற்றுவழியின் தூரத்தையும் யாராவது சொன்னால் வீட்டில் காட்டிச் சிரிக்கலாம்.

கோளக்கணக்கு எழுதியது:

சிரிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். இக்காலுயிட்டிலிருந்து ஒட்டாவா ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். அங்கிருந்து ரொறன்ரோ 365. ரொறன்ரோவிலிருந்து ஐஸ்லாந்தின் கெஃப்லவிக் ஏறத்தாழ 4,170. கெஃப்லவிக்கிலிருந்து நூக் 1,400. மொத்தம் எட்டாயிரத்துக்குச் சற்று மேல். 825 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குப் போக அதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு பறக்கிறீர்கள், அதிலும் கடைசி விமானத்தில் வந்த திசையிலேயே திரும்பிப் பறக்கிறீர்கள்.

2025 கோடையில் யுனைடெட் நிறுவனம் நியூவர்க்கிலிருந்து நூக்குக்கு நேர்விமானம் தொடங்கியது. அந்த வழியாகப் போனால் ஒட்டாவா, நியூவர்க், நூக் என்று ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர், ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. முன்னேற்றம்தான்.

பனிப்புழுதி எழுதியது:

இந்த இழையில் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் சரியாகவே போட்டிருக்கிறீர்கள், ஆனால் நான் இக்காலுயிட்டில் மூன்று குளிர்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கணக்கில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஆண்டு மார்ச் மாதம் ஒட்டாவா போக விமானம் பிடிக்கப் போனேன். மஞ்சள் நிற முனையக் கட்டடம் பளிச்சென்று இருந்தது, வெளியே வெயில். விமானம் வந்து நின்றிருந்தது, இறக்கை மீது ஆரஞ்சு நிறப் பனிநீக்குத் திரவத்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் தேநீர் வாங்கித் திரும்புவதற்குள் விரிகுடா பக்கத்திலிருந்து காற்று எழுந்தது. இருபது நிமிடத்தில் ஓடுபாதை மறைந்தது. அரை மணியில் எதிரே நின்ற விமானத்தின் வால் மறைந்தது. பிறகு மூன்று நாள் நான் ஊரைவிட்டு நகரவில்லை. விமான நிறுவனத்தை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்லத் தக்கது ஒன்றுதான், நான்காம் நாள் வந்த விமானத்தில் முன்பாதி சரக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் இருக்கைகள் பாதிதான் இருந்தன, எனக்கு ஐந்தாம் நாள்தான் இடம் கிடைத்தது. என் பெட்டி மட்டும் நான்காம் நாளே போய்விட்டது.

நுனாவுட்டில் 25 ஊர்கள் உள்ளன, எந்த இரண்டுக்கும் இடையே சாலை கிடையாது. கிரீன்லாந்திலும் ஊருக்கு ஊர் சாலை இல்லை. விமானம் வராவிட்டால் பேருந்தில் போய்விடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஊர்கள் இவை. அங்கே யாரும் "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய்" என்று கேட்பதில்லை, "எந்தக் கிழமை போய்ச் சேருவாய்" என்றுதான் கேட்பார்கள்.

தெற்குமாடம் எழுதியது:

அது குளிர்காலக் கதை. அவர் போகப்போவது கோடையில் அல்லவா?

பனிப்புழுதி எழுதியது:

கோடையில் பனிப்புயல் இல்லை, மூடுபனி உண்டு. குளிர்ந்த கடலின் மேல் சற்று வெப்பமான ஈரக்காற்று வந்து படியும்போது நீரிணையின் இரு கரையிலும் கடலோரம் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் ஆகிவிடும். நூக் விமான நிலையம் மலைகளுக்கும் ஃபியோர்டுக்கும் (மலைகளினூடே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கூறு) இடையே இருப்பதால் அங்கே முகில் தாழ்ந்தால் இறங்க முடியாது. காங்கெர்லுசுவாக் கடலிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் உள்ளே ஃபியோர்டின் தலைப்பில் இருப்பதால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். 1941இல் அமெரிக்கர்கள் தளம் அமைக்க அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதனால் எரிபொருள் கணக்கும் மாறும். நூக்கில் இறங்க முடியாவிட்டால் காங்கெர்லுசுவாக் வரை போகவும், அதன் மேல் சிறிது நேரம் வட்டமிடவும் எண்ணெய் வேண்டும். இக்காலுயிட் பக்கம் வந்து இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையமான, தெற்கே உள்ள குஜ்ஜுவாக் ஏறத்தாழ 630 கிலோமீட்டர்; அது நீங்கள் வந்த வழியின் முக்கால் பங்கு. ஆகவே வானிலை அறிக்கை சற்றுச் சந்தேகமாக இருந்தாலே விமானி கிளம்பாமல் காத்திருப்பார். வானத்தில் பறப்பது இரண்டு மணி நேரம்தான் என்றாலும் கிளம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க நான்கு மணி நேரம் ஆகலாம்.

ஓடுபாதை எழுதியது:

இதோடு ஒரு வேடிக்கை. மற்ற ஊர்களுக்குப் போகும் விமானங்களுக்கு இக்காலுயிட்டே மாற்று விமான நிலையம். 2017 பிப்ரவரியில் ஜூரிக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்க்கொண்டிருந்த போயிங் 777 ஒன்று, ஒரு எஞ்சின் நின்றுபோனதால் அங்கேதான் இறங்கியது. புது எஞ்சினைச் சரக்கு விமானத்தில் கொண்டுவந்து, அந்தக் குளிரில் மாற்றிப் பொருத்தினார்கள்.

நண்பருக்குக் கடிகாரம் பற்றியும் ஒரு குறிப்பு: நூக் இக்காலுயிட்டைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கும். எனவே நூக்கில் பகல் 12க்கு ஏறினால் இக்காலுயிட்டிலும் பகல் 12க்கே இறங்குவீர்கள். பயண நேரம் பூச்சியம்!

மணிக்கூண்டு எழுதியது:

இரண்டு மணி நேரம் என்பது 2012இல் சரி, இப்போது சரியன்று. கிரீன்லாந்து 2023 மார்ச்சில் தன் சீர்நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டது. 2024 முதல் கோடைகால நேரமாற்றத்தையும் தொடர்கிறது. ஆகவே கோடையில் நூக் உலகப் பொதுநேரத்துக்கு ஒரு மணி பின்னால், இக்காலுயிட் நான்கு மணி பின்னால். வேறுபாடு மூன்று மணி. நூக்கில் பகல் 12க்குக் கிளம்பும் இரண்டு மணி நேர விமானம் இக்காலுயிட்டில் முற்பகல் 11க்கு இறங்கும். கிளம்புவதற்கு ஒரு மணி முன்பே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். எதிர்த்திசையில் காலை 10க்குக் கிளம்பினால் பிற்பகல் 3 ஆகிவிடும். அட்டவணையைப் பார்த்து ஐந்து மணி நேரப் பயணம் என்று அஞ்ச வேண்டாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் நகர்த்துகிறது. கிரீன்லாந்து ஐரோப்பாவைப் பின்பற்றி மார்ச் இறுதியில் நகர்த்துகிறது. இலையுதிர்காலத்திலும் இருவரும் ஒரு வாரம் தள்ளித்தான் திரும்புகிறார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் மட்டும் வேறுபாடு இரண்டு மணி நேரம். அந்த நாட்களுக்கு மட்டும் ஓடுபாதை சொன்னது இன்றும் பொருந்தும்.

ஓடுபாதை எழுதியது:

திருத்தத்திற்கு நன்றி. பழைய அட்டவணையை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன்.

மேப்பிள்நிழல் எழுதியது:

தூரமும் நேரமும் தெரிந்தால் மட்டும் போதாது, விசாவையும் பார்க்க வேண்டும். கிரீன்லாந்து டென்மார்க் முடியாட்சியின் பகுதியாக இருந்தாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் இல்லை. வடக்குவாசல் கனடாக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் கவலையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று குறிப்பிடப்பட்ட விசா வேண்டும். ஐஸ்லாந்து வழியாகச் சுற்றி வந்து அங்கே எல்லைச் சோதனையைக் கடப்பதானால் ஷெங்கன் விசாவும் தேவைப்படும். நேர்விமானம் கைநழுவிப்போய் மாற்றுவழி தேடும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

வடக்குவாசல் எழுதியது:

நான் கனடாக் குடிமகன்தான், அந்தக் கவலை இல்லை. எல்லாவற்றையும் படித்தபின் என் திட்டத்தை மாற்றிக்கொண்டேன். வேலையை முடித்துவிட்டுப் போவதென்று இருந்தேன். அப்படிச் செய்தால் ஒப்பந்தம் முடியும் வாரத்தில் மூடுபனி வந்து நேர்விமானம் ரத்தானால், அடுத்த வாரம் வரை காத்திருக்கத் தங்குமிடம் இருக்காது. ஆகவே ஒப்பந்தத்தின் நடுவில், விடுப்பு எடுத்து, நேர்விமானம் பறப்பதாக அட்டவணையில் இருக்கும் கிழமையில் போய் அடுத்த வாரம் அதே கிழமையில் திரும்புவதாகத் தீர்மானித்திருக்கிறேன். மேலாளரிடம் எட்டு நாள் விடுப்பு கேட்டேன். "இரண்டு மணி நேரத்தில் போகிற ஊருக்கு எட்டு நாளா?" என்றார். இந்த இழையை அவருக்கு மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது.

பனிப்புழுதி எழுதியது:

எட்டு போதாது, பத்து நாள் கேளுங்கள். பெட்டியைச் சரக்கில் போடாமல் கைப்பையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.